சிங்கப்பூர் பாதுகாப்பானதா என்று கேட்ட தம்பிக்கு

அரியலூர் பக்கத்திலிருந்து ஒர்க் பெர்மிட்டில் இங்கே வரப்போகும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "கொரோனா சமயத்தில் சிங்கப்பூர் டார்மிட்டரிகளில் நம் ஆட்கள்தான் நிறைய மாட்டிக்கொண்டார்கள் என்று அம்மா பயப்படுகிறார். அவ்வளவு கட்டுப்பாடான நாட்டில் எப்படி அண்ணா அப்படிப் பரவியது? மறுபடி ஒன்று வந்தால் அங்கே இருப்பது நல்லதா, ஊரிலேயே இருப்பது நல்லதா?"

தம்பி, அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரையும் இந்தியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. 2020ல் இந்த ஒரே தீவுக்குள் இரண்டு நாடுகள் இருந்தன என்றே சொல்வேன். தினமும் அரசு வெளியிட்ட கணக்கும் அப்படித்தான் இருந்தது: டார்மிட்டரி எனும் தொழிலாளர் விடுதிகளில் இத்தனை பேர், அவற்றுக்கு வெளியே சமூகத்தில் இத்தனை பேர் என்று தனித்தனியாக.

சார்ஸ் நோயில் 2003ல் 33 பேரைப் பறிகொடுத்த நாடு இது. அதனால் 2020 ஜனவரி 23ல் முதல் கொரோனா நோயாளி தெரிந்ததும் தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலை உடனே தொடங்கிவிட்டது. மார்ச் வரை உலகமே இங்கே பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றது. ஆனால் மூன்று லட்சம் பேர் படுத்திருந்த விடுதிகள் அந்தக் கவனத்துக்கு வெளியே நின்றன. எனக்குத் தெரிந்த தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இருந்த அறையில் இரட்டைக் கட்டில்களில் பதினாறு பேர். குளியலறையும் சமையல் அடுப்பும் மாடிக்கே பொது. காலையில் ஒரே லாரியில் தோளோடு தோள் உரசி வேலைக்குப் போவார்கள். ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்ற அறிவிப்பு அங்கேயும் ஒட்டியிருந்தது. எங்கே போய்த் தள்ளி நிற்பது?

ஏப்ரல் 7ல் சர்க்யூட் பிரேக்கர், அதாவது இங்கத்திய ஊரடங்கு, வந்தது. நானும் வீட்டுக்குள் இருந்தேன், அவரும் அறைக்குள் இருந்தார். என் வீட்டில் நாலு பேர் என்பதால் அடைப்பு என்னைக் காப்பாற்றியது. அவர் இருந்த அறையில் அதே அடைப்பு கிருமியைப் பதினாறு பேருக்கும் பங்கு வைத்தது. டிசம்பரில் அரசே கணக்கைச் சொன்னது: விடுதித் தொழிலாளர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. மூக்கில் குச்சி விட்டுச் சோதித்துக் கண்டது 54,505 பேரை. மேலும் 98,289 பேருக்கு வந்து போனது ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இவ்வளவு சோதனை செய்த நாட்டிலேயே மூன்றில் இரண்டு பங்கு அன்றைய எண்ணிக்கையில் விழவில்லை. அப்படியிருக்க, நாடுகளை வரிசைப்படுத்திப் போட்ட அட்டவணைகளை எப்படி நம்புவது? இந்தியாவில் 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் கொரோனா இறப்பு சுமார் 4.8 லட்சம் என்பது அரசுக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 47 லட்சம். இந்திய அரசு அதை ஏற்கவில்லை.

இறப்பிலும் இதே கதைதான். 2020 முடியும்போது சிங்கப்பூரில் மொத்தம் 29 பேர்தான் இறந்திருந்தார்கள். இத்தாலியில் 74,000க்கு மேல். இங்கே மருத்துவம் நல்லது, செலவையும் அரசே ஏற்றது, மறுக்கவில்லை. ஆனால் விடுதிகளில் தொற்றியவர்கள் பெரும்பாலும் இருபது, முப்பது வயது இளைஞர்கள். இத்தாலியில் இறந்தவர்களின் சராசரி வயது எண்பதை ஒட்டி இருந்தது. வயதைச் சொல்லாமல் இந்த இரண்டு எண்களை மட்டும் காட்டுகிறவர் பாதி விஷயத்தை மறைக்கிறார்.

உங்கள் அரியலூரையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஊரடங்கு நடுவிலும் கோயம்பேடு சந்தையில் நெரிசல் குறையவில்லை. 2020 மே 5ல் அதை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கியவர்கள் ஊர் திரும்பியபோது அரியலூரிலும் கடலூரிலும் விழுப்புரத்திலும் எண்ணிக்கை ஏறியது. அங்கே சந்தை, இங்கே விடுதி. இரண்டு இடத்திலும் அடிபட்டவர் நெரிசலை விட்டு விலக வழியில்லாத கூலிக்காரர்.

எனக்கு இன்னும் ஆறாதது வேறொன்று. ஜூன் 19லிருந்து நாங்கள் கடைகளில் உட்கார்ந்து சாப்பிட்டோம். விடுதிக்காரர்களுக்கு வெளியே போய்வர அனுமதிச் சீட்டு என்பது 2022 வரை நீடித்தது. இந்த ஊரைக் கட்டியவர்கள் அவர்கள். அது சரியில்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? தைரியமாக வாங்க, ஆனால் கேட்டுவிட்டு வாங்க. புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, கழிப்பறை அறையோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று 2021ல் விதி வந்துவிட்டது. பழைய விடுதிகள் மாறுவதற்குப் பல ஆண்டுகள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் சம்பளம் பேசும்போதே ஏஜெண்டிடம் விடுதியின் பெயர், அறைக்கு எத்தனை பேர், கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். மழுப்பினால் முதலாளியிடமே எழுத்தில் கேளுங்கள். விடுதியின் பெயர் தெரிந்ததும் எனக்குச் சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போய், அங்கே இருக்கும் நம் ஆட்களிடமே விசாரித்துச் சொல்கிறேன்.