டி.ஆர்.எக்ஸ். பிக்கப்புக்குச் சின்னப் புல்லி போடலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கிறேன். 2022 ரேம் 1500 டி.ஆர்.எக்ஸ். பிக்கப் வைத்திருக்கிறேன். தினசரி வேலைக்குப் போவதும் இதில்தான். விடுமுறை நாட்களில் கிரேப்வைன் மலைச்சாலை ஏற்றம் வழியாகப் படகு டிரெய்லர் இழுப்பேன். சூப்பர்சார்ஜருக்கு (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) சின்னப் புல்லியும் (பெல்ட் சுற்றும் சக்கரம்) ட்யூனும் (என்ஜின் கம்ப்யூட்டர் அமைப்பை மாற்றுவது) போட்டால் 850 குதிரைத்திறன் உறுதி, ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார் ஓர் ஏஜென்ட். அது வேண்டாமென்றால் 3 லிட்டர் சூப்பர்சார்ஜரே மாற்றித் தருகிறாராம். எது நல்லது? ஸ்மாக் செக்கிலும் (புகைப் பரிசோதனை) வாரன்டியிலும் சிக்கல் வருமா?

பதில்: சின்னப் புல்லி வேண்டாம். 91 ஆக்டேன் பெட்ரோலில் ஓடி, பாரமும் இழுக்கிற வண்டிக்கு அது ஒத்துவராது. பெரிய சூப்பர்சார்ஜர் போடலாம், முழு கிட்டாக, உங்கள் மாடலுக்கென்றே கலிபோர்னியா அனுமதி பெற்றதாக இருந்தால் மட்டும். அப்படி ஒன்று கிடைக்கும்வரை, வண்டியில் ஏற்கெனவே இருக்கும் குளிரூட்டும் அமைப்பைச் சீர்செய்யுங்கள். வெயில் நாளில் தொலைந்துபோகும் சக்தியை அது மீட்டுக் கொடுக்கும்.

உங்கள் 6.2 லிட்டர் ஹெமி என்ஜின் மேல் இருப்பது 2.4 லிட்டர் ட்வின் ஸ்க்ரூ சூப்பர்சார்ஜர். அதிகபட்ச பூஸ்ட், அதாவது அது தரும் காற்றழுத்தம், சுமார் 11.6 பி.எஸ்.ஐ., என்ஜின் திறன் 702 குதிரை. இந்த என்ஜின் குடும்பத்தில் கிராங்க் (என்ஜினின் முதன்மைச் சுழல் தண்டு) ஒரு சுற்று சுற்றினால் சூப்பர்சார்ஜர் 2.36 சுற்று சுற்றும். என்ஜின் 6,200 ஆர்.பி.எம். போகும்போது சூப்பர்சார்ஜருக்குள் சுற்றும் ரோட்டர்கள் 14,600 ஆர்.பி.எம்.மில் இருக்கும். மேல் புல்லியின் விட்டத்தை 8 சதவீதம் குறைத்தால் ரோட்டர் வேகம் சுமார் 9 சதவீதம் ஏறி 16,000ஐ நெருங்கும். காற்று கூடுதலாகப் போகிறது, பூஸ்ட் ஏறுகிறது, இது உண்மைதான். ஏஜென்ட் சொல்வது இதோடு நின்றுவிடும்.

காற்றை அழுத்தினால் சூடாகும். வெளியே 30 டிகிரி செல்சியஸ் என்று வையுங்கள். 11.6 பி.எஸ்.ஐ.க்கு அழுத்தும்போது, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தொடும் முன் காற்று சுமார் 115 டிகிரி ஆகிறது. 15 பி.எஸ்.ஐ. என்றால் 130ஐத் தாண்டும். சூப்பர்சார்ஜரின் செயல்திறன் இரண்டு நிலையிலும் ஒன்றே என்று வைத்துப் போட்ட கணக்கு இது. அளவுக்கு மீறிச் சுற்றும்போது செயல்திறன் இறங்கும் என்பதால் நிஜத்தில் இன்னும் சூடாகத்தான் இருக்கும். போதாததற்கு, சூப்பர்சார்ஜரைச் சுற்றவைக்கும் சக்தியும் கிராங்கிலிருந்துதான் போகிறது. இந்த என்ஜின் குடும்பத்தில் முழு வேகத்தில் அதற்கே சுமார் 80 குதிரை செலவாகிறது. வேகத்தைக் கூட்டினால் அந்தச் செலவும் கூடும்.

சூடான காற்று உள்ளே வந்தால் 91 ஆக்டேன் பெட்ரோல் தாங்காது, நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து எரிவது) ஆரம்பிக்கும். என்ஜினைக் காப்பாற்ற பி.சி.எம். எனும் என்ஜின் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரம்) பின்னால் இழுக்கும். டைமிங் போனால் சக்தியும் போகும். வெறும் வண்டியில் பத்து விநாடி மிதித்துவிட்டு விட்டுவிடுபவருக்கு இது பெரிதாகத் தெரியாது. நீங்களோ டிரெய்லரோடு 6 சதவீத ஏற்றத்தில் மைல் கணக்கில் பூஸ்டிலேயே ஏறப் போகிறீர்கள். இன்டர்கூலர் தண்ணீர் சூடாகி, ஆற நேரமே இல்லாமல், பாதி ஏற்றத்திலேயே வண்டி பழைய நிலையைவிட மந்தமாகிவிடும். கூடவே டிரான்ஸ்மிஷன் ஆயில் சூடும் ஏறிக்கொண்டிருக்கும்.

3 லிட்டர் சூப்பர்சார்ஜரின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. பெரியது மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தரும், வெப்பம் குறையும். அதை மிதமான பூஸ்டில் வைத்திருந்தால் 91 ஆக்டேனில் பாதுகாப்பாக ஓடும். அதையும் வாங்கி, அதற்கும் சின்னப் புல்லி போட்டு முடுக்கினால் கொடுத்த காசு வீண்.

அடுத்தது எரிபொருள். 850 குதிரைக்கு இந்த மாதிரி என்ஜின் மணிக்கு சுமார் 530 பவுண்டு பெட்ரோல் குடிக்கும். பெட்ரோல் தெளிக்கும் எட்டு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 66 பவுண்டு. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது. அப்படியானால் ஒவ்வொன்றும் 78 பவுண்டு, அதாவது நிமிடத்துக்கு சுமார் 815 சி.சி. தரக்கூடியதாக இருக்க வேண்டும். கம்பெனி இன்ஜெக்டரும் பம்பும் 702 குதிரைக்காக வைத்தவை. ஆக, “புல்லியும் ட்யூனும் மட்டும், 850 உறுதி” என்று ஒருவர் சொன்னால், “இன்ஜெக்டர் அளவு என்ன? முழு லோடில் எரிபொருள் பிரஷர் எவ்வளவு நிற்கும்?” என்று கேளுங்கள். பதில் எண்ணாக வர வேண்டும். “எல்லாம் ட்யூனில் பார்த்துக்கொள்வோம்” என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். இல்லாத பெட்ரோலை ட்யூன் உண்டாக்காது. பூஸ்டில் பெட்ரோல் பற்றாமல் போனால் பிஸ்டனில் ரிங்குகளைத் தாங்கும் விளிம்பு (ரிங் லேண்ட்) உடையும். அதற்குச் சில விநாடி போதும்.

அந்த 850 எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் ஒரு டைனோ ஷீட்டை, அதாவது சக்தி அளக்கும் இயந்திரத்தின் தாளைக் காட்டுவார்கள். அந்த ஓட்டம் எந்த எரிபொருளில்? எத்தனால் கலந்த இ85 எரிபொருளை ஊற்றி எடுத்த ஷீட்டை 91 ஆக்டேன் வாடிக்கையாளருக்குக் காட்டுவது இந்தத் தொழிலில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. சக்கரத்தில் அளந்ததா, கிராங்க் கணக்கா? நான்கு சக்கர டிரைவில் 15 முதல் 20 சதவீதம் வழியிலேயே போய்விடும். 702 குதிரை வண்டி சக்கரத்தில் 560 முதல் 600 வரைதான் காட்டும். வானிலைக்கான திருத்தக் கணக்கு எஸ்.ஏ.இ. முறையா, எஸ்.டி.டி. முறையா? எஸ்.டி.டி. ஏறக்குறைய 4 சதவீதம் கூட்டிக் காட்டும். இன்டர்கூலர் தண்ணீரில் ஐஸ் போட்டு ஓட்டினார்களா? பானட்டைத் திறந்து வைத்து, பெரிய மின்விசிறி வைத்து, ஒரே ஒரு முறை ஓட்டி எடுத்த எண் ஏற்றத்தில் டிரெய்லர் இழுக்க உதவாது. உங்கள் வண்டியை, உங்கள் பெட்ரோலில், பாகம் மாட்டும் முன்னும் மாட்டிய பின்னும், அதே டைனோவில், இடைவெளி இல்லாமல் மூன்று முறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாவது ஓட்டத்தில் நிற்கிற எண்தான் உங்களுடையது.

இ85 ஊற்றினால் எல்லாம் தீரும் என்றும் சொல்வார்கள். அதற்கு இன்ஜெக்டரும் பம்பும் பெட்ரோலைவிட 40 சதவீதம் அளவுக்குக் கூடுதலாகத் தர வேண்டும். பம்பில் இ85 என்று விற்பதில் எத்தனால் 51 சதவீதமும் இருக்கலாம், 83 சதவீதமும் இருக்கலாம். சென்சார் இல்லாமல் அதை நம்பி ட்யூன் செய்வது ஆபத்து. ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலையும் நம்பாதீர்கள். “10 பாயின்ட் ஏறும்” என்று அச்சிட்டிருந்தால், அதில் பத்து பாயின்ட் என்பது ஓர் ஆக்டேன் எண்தான்; 91 ஆனது 92 ஆகும், அவ்வளவே.

பி.சி.எம். விஷயத்தில் நடப்பதுதான் எனக்கு அதிகம் கோபம் வரவைக்கிறது. இந்த வண்டிகளின் பி.சி.எம். பூட்டி வருகிறது. ட்யூன் போட அதைக் கழற்றி அனுப்பிப் பூட்டைத் திறக்க வேண்டும், அல்லது திறந்த பி.சி.எம். ஒன்றை வாங்கி மாட்ட வேண்டும். “பழையதைக் கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்கிறோம்” என்று வாங்கி வைத்துக்கொள்கிற இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள். அது வி.ஐ.என். எனும் உங்கள் வண்டி அடையாள எண்ணோடு வந்த அசல். நாளை ஸ்மாக் செக்கில் மாட்டினாலும் வண்டியை விற்றாலும் அதுதான் வேண்டும். ட்யூன் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். தங்களைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி பூட்டிக் கொடுத்துவிட்டு, சின்னத் திருத்தத்துக்கும் மறுபடி பணம் கேட்பவர்கள் உண்டு. காசு கொடுத்து வாங்கிய வண்டியின் கம்ப்யூட்டரை முதலில் கம்பெனி பூட்டுகிறது, அப்புறம் ட்யூனர் பூட்டுகிறார். சாவி மட்டும் சொந்தக்காரர் கையில் இல்லை. இதை யாரும் கேட்பதாகவே தெரியவில்லை.

கலிபோர்னியா சட்டத்துக்கு வருவோம். காற்று வள வாரியம், அதாவது கார்ப், ஒரு மாற்றுப் பாகத்தைச் சோதித்து ஏற்றுக்கொண்டால் இ.ஓ. என்ற அனுமதி எண் தருகிறது. டி என்ற எழுத்தில் தொடங்கும். அந்த எண் உள்ள கிட் சாலையில் ஓடலாம். கேட்க எளிது, ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

“எங்கள் கிட்டுக்கு இ.ஓ. உண்டு” என்றால், அந்தக் கிட் சோதனைக்குப் போனபோது எப்படி இருந்ததோ அப்படியே மாட்டினால் உண்டு என்றுதான் பொருள். எந்த வருட மாடல், எந்த என்ஜின் என்று அந்த ஆணையில் பட்டியல் இருக்கும். 2021க்கு மட்டும் வாங்கிய அனுமதி உங்கள் 2022க்குச் செல்லாது. அதே 6.2 லிட்டர் ஹெமி வேறொரு காரில் இருந்து, அந்தக் காருக்கு இ.ஓ. இருந்தாலும் உங்கள் பிக்கப்புக்கு அது ஆகாது. புல்லி அளவும் அதில் அடங்கும், ட்யூனும் அடங்கும். கிட்டை வாங்கிவிட்டு “இன்னும் கொஞ்சம் பூஸ்ட்” என்று ஒரு புல்லியை மாற்றிய நிமிடமே, மற்ற எல்லாப் பாகமும் அப்படியே இருந்தாலும், அனுமதி போயிற்று. கிட்டோடு வந்த கோப்பை எடுத்துவிட்டு வேறொருவரின் ட்யூனைப் போட்டாலும் அப்படித்தான். 2021 ஜூலையிலிருந்து ஸ்மாக் செக்கில் பி.சி.எம். மென்பொருளையும் பார்க்கிறார்கள். கம்பெனியுடையதும் இல்லை, இ.ஓ. உடையதும் இல்லை என்றால் வண்டி தேறாது. பழையபடி மாற்றிக்கொண்டுதான் திரும்பிப் போக வேண்டும். இ.ஓ. எண்ணைக் கேட்டு வாங்கி, கார்ப் தளத்தில் நீங்களே தேடி, ஆணையைத் திறந்து மாடல் பட்டியலை வாசியுங்கள். கடைக்காரர் அனுப்பும் படத்தை நம்ப வேண்டாம். எண் அச்சிட்ட ஒட்டி என்ஜின் அறையில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். அதைப் பழைய பெட்டியோடு எறிந்துவிடாதீர்கள்.

“பந்தயத்துக்கு மட்டும் என்று கையெழுத்துப் போடுங்கள், பிரச்சினை இல்லை” என்று ஒரு தாளை நீட்டுவார்கள். பதிவெண்ணோடு சாலையில் ஓடும் வண்டியை அந்தத் தாள் பந்தய வண்டியாக்காது. அது விற்பவரைக் காப்பாற்ற எழுதியது. கடைசியில் ஸ்மாக் செக் வரிசையில் நிற்கும் சொந்தக்காரர் தலையில்தான் சுமை விழுகிறது என்பது எனக்கு ஆற்றாமைதான்.

வாரன்டி. 1975ஆம் ஆண்டின் மேக்னுசன்–மாஸ் சட்டப்படி, வேறு பாகம் மாட்டியதாலேயே முழு வாரன்டியையும் ரத்து செய்ய முடியாது. ஏஜென்ட் இதைச் சொல்லியிருப்பார். அந்தப் பாகத்தால் பழுது வந்தது என்றால் மறுக்கலாம் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார். பூஸ்ட் கூட்டிய என்ஜினில் பிஸ்டன் போனால் முடிவு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். என்ஜின், டிரான்ஸ்மிஷன் இரண்டுக்கும் வாரன்டி இனி இல்லை என்று எண்ணி, அந்தப் பணத்தைத் தனியே வைத்துவிட்டு இறங்குங்கள்.

இப்போதே செய்யக்கூடியவை: இன்டர்கூலருக்கென்று தனியாக உள்ள கூலன்ட் சுற்றைப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது அதன் பம்ப் ஓடுகிறதா, தொட்டியில் ஓட்டம் தெரிகிறதா? முன்னால் உள்ள ரேடியேட்டரில் பூச்சியும் மண்ணும் அடைத்திருந்தால் உள்ளிருந்து வெளியே தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவுங்கள். கூலன்ட் மாற்றினால் வேக்யூம் நிரப்பியால் காற்றை உறிஞ்சிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். உள்ளே காற்று தங்கினால் பம்ப் ஓடியும் குளிராது. பிறகு ஓர் ஓட்டத்தை லாக் (கம்ப்யூட்டர் பதிவு) எடுங்கள். உள்ளே போகும் காற்று 60 டிகிரிக்குள் நின்றால் நிம்மதி. 70ஐத் தாண்டினால் டைமிங் எவ்வளவு பின்னால் போகிறது என்று பாருங்கள், இழப்பு எண்ணாகவே தெரியும். பெரிய ரேடியேட்டர் வாங்குவதானால் அதற்கும் இ.ஓ. தேவையா, இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சூப்பர்சார்ஜர் கிட்டையே மாட்டுவதென்று முடிவானால் மூன்று இடத்தில் கண் வையுங்கள். புதிய சூப்பர்சார்ஜரின் உள்ளே இருக்கும் இன்டர்கூலரை, என்ஜின் மேல் வைக்கும் முன் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்க வேண்டும். அது கசிந்தால் கூலன்ட் நேரே சிலிண்டருக்குள் இறங்கி, ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடு வளையும். அடுத்து ஸ்பார்க் பிளக்: ஒரு படி குளிர்ந்த ரகமும், 0.7 மி.மீ. அளவு இடைவெளியும் கிட்டின் தாளில் உள்ளபடி வைக்க வேண்டும். பழைய இடைவெளியில் அதிக பூஸ்ட் தீப்பொறியை அணைத்துவிடும். மூன்றாவது பெல்ட். முதல் 500 மைலுக்குப் பிறகு பானட்டைத் திறந்து புல்லியைச் சுற்றிப் பாருங்கள். கறுப்புத் தூள் படிந்திருந்தால், அல்லது லாகில் 5,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் பூஸ்ட் ஏறுவதற்குப் பதில் சரிந்தால், பெல்ட் வழுக்குகிறது. புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை, அல்லது பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர் போதவில்லை. “புது பெல்ட் அப்படித்தான் இருக்கும்” என்ற பதிலை ஏற்காதீர்கள்.

பணத்தை ஒரே தடவையில் கொடுக்க வேண்டாம். கடைசித் தவணையை உங்கள் கையில் வைத்துக்கொண்டு, மூன்று ஓட்டங்களின் லாகில் நாக்கிங்கினால் டைமிங் குறையவில்லை, எரிபொருள் பிரஷர் விழவில்லை, முழு மிதியில் காற்று–பெட்ரோல் விகிதம் 11.5 முதல் 11.8க்குள் நின்றது என்று பார்த்த பிறகு கொடுங்கள். அந்த லாக் கோப்பும், அசல் பி.சி.எம்.மும், இ.ஓ. ஒட்டியும் உங்களிடம் வந்து சேராமல் அந்தத் தவணை போகக் கூடாது.