கடலோர வீடு: கம்பியை மட்டும் நம்பலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். அலிபாக் பக்கம், கடலிலிருந்து 700 மீட்டரில் மூன்று குண்டா (ஏழரை சென்ட்) மனை வாங்கியிருக்கிறோம். மழை முடிந்ததும் வீட்டு வேலையைத் தொடங்க எண்ணம். “எம்20 கான்கிரீட் போதும், துருவைத் தாங்கும் கம்பி போட்டுவிடலாம், தண்ணீருக்குத்தான் மனையிலேயே கிணறு இருக்கிறதே” என்கிறார் கான்ட்ராக்டர். சரிதானா?

பதில்: அந்தக் கம்பி துருவைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அதை நம்பி எம்20-க்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். எம்20, எம்30 என்பவை கான்கிரீட்டின் வலிமைத் தரங்கள், எண் கூடினால் வலிமையும் கூடும். கம்பியை உண்மையில் காப்பது சுற்றியுள்ள கான்கிரீட்டின் காரத்தன்மை. கடற்காற்றின் உப்பு ஈரத்தோடு ஊறிக் கம்பியைத் தொட்டால் அந்தக் காப்பு போய்விடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். மும்பையின் பழைய சொசைட்டிக் கட்டடங்களில் பால்கனி அடியை அண்ணாந்து பாருங்கள். காரை உதிர்ந்து பழுப்புக் கம்பி வரிவரியாகத் தெரியும்.

கடலோரச் சூழலுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கேட்பது குறைந்தது எம்30. கன மீட்டருக்கு 320 கிலோ சிமென்ட் வேண்டும். தண்ணீர் சிமென்ட் எடையில் 0.45 பங்கைத் தாண்டக் கூடாது. எம்30-ஐச் சட்டிக் கணக்கில் கலக்க முடியாது. ஆலையில் கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் வாங்குங்கள். லாரி வந்தபின் கெட்டியாக இருக்கிறதென்று யாராவது தண்ணீர் சேர்க்க ஓஸ் பைப்பைத் தூக்கினால் தடுத்துவிடுங்கள். இளக்கத்துக்கு பிளாஸ்டிசைசர் என்ற கலவை மருந்து இருக்கிறது. இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட் உப்பு ஊறுவதைக் குறைக்கும், ஆனால் இரண்டு வாரமாவது விடாமல் நீராற்ற (ஈரமாகவே வைக்க) வேண்டும்.

நான் மிகவும் வற்புறுத்துவது கவரைத்தான். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் இடையே 45 மி.மீ. இருக்க வேண்டும். இந்த இடைவெளிக்காகச் சைட்டில் உடைந்த மார்பிள் துண்டைச் செருகிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆட்கள் மேலே நடந்ததும் அது நழுவி, கம்பி பலகையில் படுத்துவிடும். வீட்டுக் கான்கிரீட்டின் தரத்திலேயே செய்த கவர் பிளாக் வைக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் போடும் அன்று காலையில் நீங்களே டேப்போடு போய் அளந்து பாருங்கள். தூண், சன்ஷேடு, பால்கனி ஓரம் மூன்றையும் விடாதீர்கள். உப்பு முதலில் நுழைவது அங்கேதான்.

மற்றபடி, மழை அடிக்கும் தென்மேற்குச் சுவரில் அலமாரி வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். எதிரெதிர் ஜன்னல் வையுங்கள். வெளியே தெரியும் கிரில், திருகு எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304 ரகத்தில் சீக்கிரமே பழுப்புக் கறை ஏறும். 700 மீட்டர் என்பதால் கடலோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி வராது என்று இருந்துவிடாதீர்கள். பக்கத்தில் உப்பங்கழி இருந்தால் அதன் கரையும் கணக்கில் வரும்.

கடைசியாகக் கிணறு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மழைக்குப் பிறகு எடுத்த நீரை வைத்து முடிவு செய்யாதீர்கள். மழைநீர் கலந்து உப்பு குறைவாகக் காட்டும். மே மாதத்தில் எடுத்துச் சோதியுங்கள். அளவு மீறினால் டேங்கர் நீர்தான், அதையும் சோதித்த பிறகே. நீராற்றவும் அதே நீர்தான்.