கற்பதும் காசு சேர்ப்பதும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் டெல்லி ஜனக்புரியில் வசிக்கிறோம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் தமிழ் நன்றாகப் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. எங்கள் பகுதியில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இவ்வாண்டு ஒரு செயலியை அறிமுகப்படுத்தினார்கள். சரியான எழுத்தைத் தொட்டால் நாணயம், தினமும் திறந்தால் தொடர்ச்சிக்கு ஒரு தீச்சுடர், வாரக் கடைசியில் வாட்ஸப் குழுவில் தரவரிசை. மகள் பெரும்பாலும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்துவிடுகிறாள். கோடை விடுமுறையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும்போது, நாக்பூர் தாண்டிச் சிக்னல் கிடைக்காமல் தொடர்ச்சி அறுந்துபோய், இரவெல்லாம் அழுதாள். ஆனால் சென்ற மாதம் இங்குள்ள முருகன் கோயிலான மலை மந்திரில் ‘யாமிருக்க பயமேன்’ என்று எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னபோது ‘யா’வைத் தாண்டவில்லை. தவறான விடைக்கு நாணயம் குறைவதில்லை என்பதால், நான்கு கட்டங்களையும் மளமளவென்று தட்டிச் சரியானதைப் பிடித்துவிடுகிறாள் என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். ‘எப்படியோ தமிழோடு உட்கார்கிறாளே’ என்கிறார் என் கணவர். ‘செல்போனைப் பிடுங்கிவிட்டுப் பல்லாங்குழியைக் கொடு’ என்கிறார் மாமியார். விளையாட்டின் வழியே கற்பிப்பது உண்மையில் பயன் தருமா?

ம., ஜனக்புரி

*

அன்புள்ள ம.,

நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கும் அந்த நான்கு கட்டத் தட்டல்தான் இதில் முதன்மையான செய்தி. உங்கள் மகள் யாரையும் ஏமாற்றவில்லை. எந்த ஆட்டத்திலும் கெட்டிக்காரக் குழந்தை முதலில் கண்டுபிடிப்பது, குறைந்த உழைப்பில் வெல்லும் வழியைத்தான். அந்தச் செயலியில் வெல்வதற்கு வாசிக்கத் தேவையில்லை, தட்டினால் போதும். அதை அவள் பிழையின்றிக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஆகவே ‘விளையாட்டு பயன் தருமா’ என்ற கேள்வியை நான் சற்று மாற்றிக்கொள்கிறேன்: ஆட்டத்தில் ஒரு காயை நகர்த்த வேண்டுமானால், கற்க வேண்டிய செயலைக் குழந்தை செய்தே ஆக வேண்டுமா, அல்லது அதைச் செய்யாமலும் நகர்த்த முடியுமா? இந்த வேறுபாட்டை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று பிரிட்டனில் நடந்தது. ஜேக்கப் ஹப்குட், ஷாரன் ஐன்ஸ்வொர்த் என்ற இருவர் 2011இல் வெளியிட்டது அது. எண்கள் பொறித்த எலும்புக்கூடுகளோடு சண்டையிடும் ஒரு கணினி விளையாட்டை அவர்கள் இரண்டு விதமாக அமைத்தார்கள். ஒன்றில், எலும்புக்கூட்டின் மார்பிலுள்ள எண்ணை மீதியின்றி வகுக்கும் ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் அதை வீழ்த்த முடியும்; அதாவது வகுத்தலே சண்டை. மற்றொன்றில் சண்டை வெறும் சண்டையாக இருக்க, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதே வகுத்தல் கணக்குகள் வினாத்தாள்போல வந்தன. ஒரே அளவு நேரம் ஆடியும், முதல் வகையை ஆடிய பிள்ளைகளே அதிகம் கற்றார்கள். விருப்பப்படி எடுத்து ஆடலாம் என்று விட்டபோது, அதே வகையில் ஏழு மடங்கு கூடுதல் நேரம் செலவிட்டார்கள்.

நம் பிள்ளைகளுக்கு வரும் செயலிகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. பாடப் பயிற்சியும் நாணயமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் அருகருகே நிற்கின்றன. கேமிஃபிகேஷன், அதாவது பாடத்தை விளையாட்டாக்குதல், என்று கல்வித் துறையினர் இப்போது பெருமையாகச் சொல்வதில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் எண்ணம். அது விளையாட்டே அல்ல, கூலி கொடுத்து வேலை வாங்குவது.

முதல் வகையைத் தமிழ் எழுத்துக்கு அமைக்கக் கணினிகூட வேண்டாம். ஒரு சீட்டில் ‘புளிக்குக் கீழே பார்’ என்று எழுதுங்கள், இன்னொன்றில் ‘புலிக்குக் கீழே பார்’ என்று எழுதுங்கள். ஒன்றைப் படித்தால் சமையலறை அலமாரிக்குப் போக வேண்டும், மற்றொன்றைப் படித்தால் பொம்மைக் கூடைக்குப் போக வேண்டும். புளி டப்பாவுக்கு அடியில் அடுத்த சீட்டு இருக்கட்டும்: ‘தாளைத் திருப்பு’ என்றோ ‘தாழைத் திற’ என்றோ. லகர ளகர ழகர வேறுபாட்டைக் கவனிக்காமல் இந்த ஆட்டத்தில் ஓரடி எடுத்துவைக்க முடியாது; தவறாகப் படித்தால் யாரும் திட்டப் போவதில்லை, சீட்டு அங்கே இருக்காது, அவ்வளவுதான். டெல்லியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ல, ள, ழ மூன்றும் காதில் ஒன்றாகவே விழுவதால், கண்ணால் பிரித்தறியும் பழக்கம் இப்படித்தான் வர வேண்டியிருக்கிறது. நான்கு சீட்டையும் ஒரே மூச்சில் தட்டிப் பார்க்கும் வழி இதில் இல்லை. இருந்தாலும் உங்கள் மகள் ஏதேனும் ஒன்றைக் கண்டுபிடிப்பாள், கண்டுபிடிக்கட்டும்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி மெய். குழந்தைகள் எண்ணைக் கற்பது பற்றி ராபர்ட் சீக்ளர், கீதா ரமணி இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு நம் பரமபதத்தை நினைவூட்டுவது. ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகள், 1 முதல் 10 வரை வரிசையாக எழுதிய பலகையில், நிற்கும் கட்டத்தின் எண்ணை உரக்கச் சொல்லியபடியே காய் நகர்த்தினார்கள். தலா கால் மணி நேரமாக நான்கே முறை ஆடியதில் அவர்களுடைய எண்ணறிவு தெளிவாக உயர்ந்தது. அதே பலகையில் எண்ணுக்குப் பதிலாக வண்ணங்களை வைத்து ஆடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை.

ஆனால் பழைய ஆட்டம் என்பதாலேயே அது எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடும் என்று நம்ப நான் தயாராக இல்லை. அதற்குச் சான்று நம் டெல்லியிலேயே இருக்கிறது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் துணையோடு இங்குள்ள 214 மழலையர் பள்ளிகளில் 1,540 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017இல் ‘சயன்ஸ்’ அறிவியல் இதழில் வெளிவந்தது. நான்கு மாதம் கணித விளையாட்டுகள் ஆடிய பிள்ளைகளிடம், எது அதிகம் எது குறைவு என்று பார்த்தவுடன் மதிப்பிடும் திறனும் வடிவங்களை இனம்காணும் திறனும் வளர்ந்து, ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்திருந்தன; பள்ளியில் சேர்ந்து இலக்கங்களைக் கொண்டு கணக்குப் போடும்போது அந்தத் திறன் கைகொடுக்கவில்லை. 2025இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இன்னோர் ஆய்வு இதைவிடக் கூர்மையானது. டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வியாபாரம் செய்யும் சிறுவர்கள், விலையும் எடையும் சில்லறையும் கலந்த கணக்கை மனத்திலேயே போட்டுவிடுகிறார்கள், ஆனால் காகிதத்தில் வரும் பள்ளிக் கணக்கில் தடுமாறுகிறார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறுகிறார்கள். ஓரிடத்தில் கற்றது தானாக மற்றோரிடத்துக்கு நடந்து போவதில்லை. பல்லாங்குழி ஆடினால் கை எண்ணப் பழகும். குழியில் விழுந்த முத்துகளைக் காகிதத்தில் 4 + 3 என்று எழுதிக் காட்டுவதற்குப் பாட்டியோ நீங்களோ பக்கத்தில் உட்கார வேண்டும்.

இனி அந்தத் தீச்சுடருக்கு வருகிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பரும் உடனாய்வாளர்களும் செய்து 1973இல் வெளியிட்ட சோதனை, படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளைப் பற்றியது. ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், ஓரிரு வாரம் கழித்துத் தாமாக வரையும் வாய்ப்பு வந்தபோது, மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்தபின் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. பரிசே கூடாது என்று நான் இதிலிருந்து முடிவு கட்டமாட்டேன். ஆசையே இல்லாத வேலையில் கால்வைக்க ஒரு நட்சத்திரம் உதவலாம். ஆனால் உங்கள் மகளுக்குத் தமிழ்மீது ஆசை இருக்கிறது, வீட்டில் பேசுகிறாள். ரயிலில் அவள் அழுதது தமிழ் விட்டுப்போனதற்காக அல்ல. அந்த இரவு முழுக்க அவளைச் சுற்றித் தமிழ் பேசும் ஒரு பெட்டியே இருந்தது. தினமும் செயலியைத் திறக்கவைப்பதில் ஆதாயம் அதை நடத்துபவருக்கு இருக்கிறது, எட்டு வயதுக் குழந்தைக்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கணவரின் வாதத்தையும் நான் முற்றாகத் தள்ளவில்லை. உச்சரிப்பைக் கேட்க அந்தச் செயலி பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போகட்டும், அறிவிப்புகளை மட்டும் அணைத்துவிடுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் இரண்டு செய்திகளைப் பேசலாம். தவறான தொடுதலுக்குப் பிறகு கட்டங்கள் இடம்மாறி, சில நொடிகள் காத்திருந்தே மீண்டும் தொட முடியும்படி அமைக்க வழியுண்டா என்று கேளுங்கள். அதோடு, வாட்ஸப் தரவரிசையை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு குழந்தையும் அந்த வாரம் எந்தப் புதிய வரியைத் தானே வாசித்தது என்று எழுதி அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். முதல் மூன்று இடங்களில் உள்ள பிள்ளையின் தாய் இதைக் கேட்டால்தான் அந்தக் குழுவில் எடுபடும். கடைசியில் இருக்கும் பிள்ளையின் தாய் கேட்டால் பொறாமை என்பார்கள்.