4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரை இரண்டு இரவு ஏலகிரியில் தங்கவைத்து இயற்கை முகாம் நடத்தப்போகிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதல் வேலையாக நிகழ்ச்சி நிரலில் பாதியை அடித்துவிடுங்கள். புங்கனூர் ஏரிப் படகு, சாமிமலை உச்சி, ஜலகாம்பாறை அருவி எல்லாவற்றையும் திணித்தால் பிள்ளைகள் பார்ப்பது பஸ் ஜன்னலைத்தான். அருவி வேண்டவே வேண்டாம். மலையை விட்டு இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். போனாலும் வழுக்குப் பாறையில் 40 பேரைக் கட்டி மேய்க்க முடியாது.

ஜனவரி நல்ல மாதம். இரவில் குளிரும், ஸ்வெட்டர் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் இடியும். பிப்ரவரிக்குப் பிறகு காட்டுத்தீக் காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் நடந்த தீ விபத்துக்குப் பின் மலையேற்ற விதிகள் கடுமையாகிவிட்டன. சாமிமலைப் பாதையில் பாதி தூரம் நடப்பதாக இருந்தாலும் வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "ரிசார்ட்காரர் பார்த்துக்கொள்வார்" என்பது அனுமதி ஆகாது.

எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். அதற்கு மேல், எந்தக் குழுவும் இல்லாமல் ஒருவர் சும்மா இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் கூட்டிக்கொண்டு இறங்க வேண்டியவர் அவர்தான். செலவை மிச்சம் பிடிக்க பஸ்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு வண்டி தேடுவதுதான் வழக்கமாக நடக்கும் கூத்து. ஒரு வேனாவது டிரைவரோடு மேலேயே நிற்கட்டும்.

ஏலகிரி கிட்டத்தட்ட 1,100 மீட்டர் உயரம். ஏறும் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். காலைச் சாப்பாடு இட்லி, மலையேறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடிய வேண்டும். பூரியும் பாலும் வேண்டாம். மலையடிவாரத்தில் உள்ள பொன்னேரியில் பத்து நிமிடம் இறக்கி நடக்கவிடுங்கள். வாந்தி எடுக்கும் பிள்ளைகளை முன் இருக்கைகளில் உட்காரவையுங்கள், பின் சக்கரத்துக்கு மேலே அல்ல. மாத்திரை தேவையென்றால் பெற்றோர் டாக்டரைக் கேட்டுக் கொடுக்கட்டும். ஆசிரியர் தன் யோசனையில் தரக்கூடாது.

ஒப்புதல் படிவத்தில் வீசிங், வலிப்பு, ஒவ்வாமை எல்லாம் எழுதுவார்கள். படுக்கையில் சிறுநீர் போவதை எழுதமாட்டார்கள். அம்மாக்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். அந்தப் பிள்ளைகளை இரவு பத்தரைக்கும் விடியற்காலை நாலரைக்கும் சத்தமில்லாமல் எழுப்பிக் கூட்டிப்போனால் போதும். கழிவறை விளக்கு விடிய விடிய எரியட்டும். பெற்றோர் போன் இரவில் வேண்டவே வேண்டாம். அம்மா குரலைக் கேட்டதும் அதுவரை விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையும் அழ ஆரம்பிக்கும். மாலையில் ஆசிரியரே படம் அனுப்பிவிடலாம்.

தரையில் படுக்கவைப்பதாக இருந்தால் கொசுவலை கட்டி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருகுங்கள். கட்டுவிரியன் இரவில்தான் வரும். கடித்தால் பெரும்பாலும் வலி தெரியாது, கடித்தது தெரியாமலே பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கலாம். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும், தேள் இருக்கும். எந்த அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ளது என்று புறப்படும் முன்பே போனில் கேட்டு எழுதிவையுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள். கை காலை அசையவிடாமல் வண்டியில் ஏற்றுங்கள்.

இனி இயற்கைக்கு வருவோம். நாலு பேருக்கு நாலு குச்சி, நாலு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சணல், ஒரு பூதக்கண்ணாடி. ஒரு மீட்டர் சதுரம் கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் இருபது நிமிடம் பார்க்கவேண்டும். முதல் ஐந்து நிமிடம் "ஒண்ணுமே இல்ல மிஸ்" என்பார்கள். குறுக்கே பேசாமல் விட்டுவிடுங்கள். சதுரத்தைப் புல்வெளியில் மட்டும் போடாமல் ஒன்றை மழை படாத கூரை ஓரத்து மணலில் போடுங்கள். அங்கேதான் குழியானை என்ற சின்னப் பூச்சி இருக்கும். புனல் மாதிரிக் குழியின் விளிம்பில் எறும்பு கால் வைத்ததும் அடியிலிருந்து மணலை வீசி அதைச் சரியவைக்கும். மணலோடு அள்ளி உள்ளங்கையில் விட்டால் பின்னோக்கியே நகரும். பார்த்ததும் அதே இடத்தில் விடவேண்டும். கம்பளிப்பூச்சியை மட்டும் தொடவிடாதீர்கள்; முள் ஏறினால் தேய்க்காமல் செல்லோ டேப்பை ஒட்டி உரித்தெடுங்கள்.

பாறையிலோ உயர்ந்த மரத்திலோ மலைத்தேனீக் கூடு தெரிந்தால் அந்த வழியே வேண்டாம். அந்தப் பக்கம் புகை, கல்லெறி, சென்ட் எதுவும் கூடாது. தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பிடுங்கும்.

தலை எண்ணும்போது பிள்ளைகளை நம்பர் சொல்லவிடாதீர்கள், நண்பனுக்காக இன்னொருவன் குரல் கொடுப்பான். தொட்டு எண்ணுங்கள்.

வெறும் புல்லில் உட்காரவிடாமல் பாய் விரியுங்கள், முழுக்கால் உடை போடச் சொல்லுங்கள். ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மலைக்குப் போய்வந்ததை டாக்டரிடம் சொல்லும்படி பெற்றோருக்குச் சீட்டு கொடுத்தனுப்புங்கள். வேலூர், திருப்பத்தூர் பக்கம் ஸ்க்ரப் டைபஸ் உண்டு. புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து வருவது. அக்குள், தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம், வலிக்காது என்பதால் பிள்ளை சொல்லாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும்.