19-ஆம் நூற்றாண்டில் வெளிநாடு போன குடும்பங்கள், அங்கே பட்ட கஷ்டத்தை யாருக்காவது எழுதினார்களா?

எழுதினார்கள். யாருக்கு எழுதினார்கள் என்பதுதான் விஷயம். நீங்களும் இப்போதுதான் அம்மாவிடம் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு வந்து இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

லண்டனில் குடியேறிய ஜெர்மானியர் கார்ல் மார்க்ஸ் குடும்பம். (யாரும் கொடி பிடித்துக்கொண்டு வர வேண்டாம், எனக்குக் கட்சி கிடையாது. வீட்டு வாடகை பற்றித்தான் பேச்சு.) 1850-இல் செல்சியில் வீட்டுக்கார அம்மாவுக்கு 5 பவுண்டு பாக்கி. கட்டில், துணிமணி, கைக்குழந்தையின் தொட்டில், பெண் பிள்ளைகளின் நல்ல பொம்மைகள் வரை ஜப்தி. மே 20 அன்று ஜென்னி மார்க்ஸ் இதை ஒன்று விடாமல் எழுதினார். கணவரின் நண்பர் வைடமையருக்கு, மார்க்ஸ் நடத்திய பத்திரிகை விற்ற காசு வந்திருந்தால் அனுப்பச் சொல்லி எழுதிய கடிதம் அது. அப்புறம் சோஹோவில் இரண்டு அறை வாழ்க்கை. 1852-இல் பெண் குழந்தை இறந்தபோது சவப்பெட்டிக்கு 2 பவுண்டு கடன் வாங்கினார்கள். மான்செஸ்டரிலிருந்து மார்க்ஸின் நண்பர் ஏங்கெல்ஸ், வழியில் திருடு போகக் கூடாதென்று பண நோட்டை இரண்டாக வெட்டித் தனித்தனி உறையில் அனுப்புவார்.

2009-இல் எனக்கு அதே லண்டனில் வேலை போனது. ஈஸ்ட் ஹாமில் ஒரே அறை, மனைவியின் இரண்டு வளையலும் அடகில். ஹீட்டர் போட மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது குளிரில் பல் தந்தியடிக்கும். "என்னடா, குரல் நடுங்குது?" "லைன் சரியில்லம்மா." மனைவி போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், சில நாள் அது சிரிப்பாகவும் இருக்காது. உண்மையைச் சொன்னது கல்லூரி நண்பன் ஒருவனிடம் மட்டும், அதுவும் மின்னஞ்சலில். மறுநாளே 200 பவுண்டு அனுப்பினான், ஒரு கேள்வி கேட்கவில்லை. பெற்றவளிடம் பொய் சொல்லலாமா என்று சிலர் வருவீர்கள். சொல்லியிருந்தால் அவர் செயினைக் கழற்றியிருப்பார், அவ்வளவுதான்.

அந்த மாதம்தான் பெரியம்மா மகள் கல்யாணம். அம்மா மூலம் 501 ரூபாய் மொய் எழுதினோம். "லண்டன்காரன் மொய்யைப் பாரு" என்று பெரியம்மா இன்றைக்கும் விசேஷ வீடுகளில் சொல்கிறார். அன்று என் அம்மாவுக்கு மூன்றாம் பந்தியில்தான் இலை போட்டார்கள், அதை யாரும் சொல்வதில்லை.