ஊசி போட்டு ஊர்வலத்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகும் எங்கள் 9 வயதுப் பெண் குதிரை, மழை ஈரத்தில் வழுக்கி விழுந்ததிலிருந்து இடது பின்னங்காலை நொண்டுகிறது. காலின் நடுவில் பின்பக்கம் துருத்தி நிற்கும் மூட்டில் லேசான வீக்கம். சூடு போடச் சொல்கிறார்கள். அடுத்த வாரம் முகூர்த்தம். வலி ஊசி போட்டு அனுப்பலாமா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தயவுசெய்து அனுப்பாதீர்கள். வலி மறைந்தால் குதிரை அடிபட்ட காலையும் அழுத்தி ஊன்றும். ஆறக்கூடிய காயம் ஆறாத காயமாகிவிடும். சூடும் வேண்டாம். தோலில் வைக்கிற சூடு மூட்டுக்குள் எதையும் ஆற்றாது, புண்தான் மிஞ்சும்.

வீங்கிய மூட்டில்தான் வலி என்று சொல்லிவிட முடியாது. விழுந்த குதிரை என்பதால் முதலில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் விரிசல் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு மருத்துவர் அதை நேராக ஓடவிட்டு, பின்னால் நின்று இடுப்பைக் கவனிப்பார். வலியுள்ள பக்கத்து இடுப்பு அதிகமாக ஏறி இறங்கும். காலை ஒரு நிமிடம்போல மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓடச் செய்தால் நொண்டல் கூடுகிறதா என்பதும் தெரியும். ஆனால் குதிரைக்கு நீங்கள் சொல்லும் மூட்டும், அதற்கு மேலே வயிற்றை ஒட்டியுள்ள முழங்கால் மூட்டும் சேர்ந்தேதான் மடங்கும். அதனால் மூட்டு மூட்டாக மரத்துப்போகும் ஊசி போட்டு, எந்த ஊசிக்கு நொண்டல் குறைகிறது என்று பார்ப்பதே நம்பகமான வழி. தசைநார் காயத்துக்கு அல்ட்ராசவுண்டும் தேவைப்படலாம். 1903 முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். நடத்திக் கூட்டிப் போகாமல் வண்டியில் ஏற்றிச் செல்லுங்கள்.

அதுவரை லாயத்தில் மணலோ வைக்கோலோ தடிமனாகப் பரப்பி ஓய்வு கொடுங்கள். தினமும் மூன்று நான்கு முறை, 15 முதல் 20 நிமிடம், மூட்டின் மேல் குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட வேண்டாம். பிணந்தின்னிக் கழுகுகள் மடியக் காரணமாக இருந்ததால் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது 2006-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. எந்த வலி மருந்தானாலும் அளவு தவறினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும்.

அடிபட்ட காலை இன்றே விரலால் தடவிப் பாருங்கள். மூட்டருகே முடிக்குள் சிறு குத்துக்காயம் இருந்து, அதிலிருந்து பிசுபிசுப்பான மஞ்சள் நீர் கசிந்தாலோ, குதிரை காலை ஊன்றவே மறுத்தாலோ நாளை வரை காத்திருக்காதீர்கள். கிருமி மூட்டுக்குள் புகுந்துவிட்டால் மயக்க மருந்து கொடுத்து உள்ளே கழுவ வேண்டியிருக்கும். முகூர்த்த வருமானம் உங்களுக்குப் பெரிது என்பது எனக்குப் புரிகிறது. அந்த வீட்டாரிடம் இன்றே சொல்லி, வேறு குதிரைக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.