“எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்பவரிடம் அடுத்து என்ன கேட்பது?

கேள்வி: எங்கள் பேட்டையில் மூத்தோர் வந்து கூடிப் பழகும் துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் தொண்டூழியராக இருக்கிறேன். தமிழ் மூத்தோர் பலர் ஓரிரு முறை வந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டால், “எல்லாம் நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் நேரமில்ல” என்கிறார்கள். மனத்தில் இருப்பதை எப்படிப் பேசவைப்பது?

பதில்: அவர்கள் உங்களிடம் மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீடு தேடி வந்தவரிடம் அவருடைய நிலையத்தைக் குறை சொல்ல வாய் வராது. “பிடிச்சிருந்ததா?” என்றால் மரியாதைதான் பதிலாக வரும். “ஏன் வரல?” என்றால் விசாரணை போலிருக்கும், உடனே ஒரு சாக்கு வரும். கருத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, நடந்ததைக் கேளுங்கள்.

“கடைசியா வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு ஆன்ட்டி? வீட்டுல கிளம்பினதுலேருந்து சொல்லுங்க” என்று தொடங்கலாம். யாருடன் வந்தார், எந்த மேசையில் உட்கார்ந்தார், பக்கத்தில் இருந்தவர்கள் என்ன மொழி பேசினார்கள், எந்த நேரத்தில் கிளம்பலாம் என்று தோன்றியது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். காரணம் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்விக்கு முன்னும் பின்னும்தான் இருக்கும். அவர் நிறுத்தியதும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். முகத்தையே உற்றுப் பார்க்காமல் குறிப்பேட்டைப் பாருங்கள். பிறகும் பேசாவிட்டால், அவர் கடைசியாகச் சொன்ன சொல்லை மட்டும் திருப்பிச் சொல்லுங்கள்: “கூட்டமா…”

தன்னைப் பற்றிச் சொல்லத் தயங்குபவர் அடுத்தவரைப் பற்றி எளிதாகப் பேசுவார். 1950இல் அமெரிக்க உளவியலாளர் மேசன் ஹேர் இதைக் காட்டினார். உடனடிக் காப்பி ஏன் பிடிக்கவில்லை என்று நேரடியாகக் கேட்டபோது பெண்கள் சுவையைக் காரணம் சொன்னார்கள். பிறகு ஏழு பொருள்கள் கொண்ட இரண்டு மளிகைப் பட்டியல்களைத் தயாரித்து, ஆளுக்கு ஒன்றைக் காட்டி, இதை வாங்கியவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். பட்டியல்களில் காப்பி மட்டுமே வேறு: ஒன்றில் நெஸ்கஃபே உடனடிக் காப்பி, மற்றதில் வழக்கமான காப்பித்தூள். நெஸ்கஃபே இருந்த பட்டியலுக்குரிய பெண்ணை ஏறத்தாழ பாதிப் பேர் சோம்பேறி என்றார்கள். நேரடியாகக் கேட்டபோது வராத காரணம் அது. நீங்களும் இப்படிக் கேட்கலாம்: “உங்க வயசுக்காரர் ஒருத்தர் ரெண்டு தடவை வந்துட்டு நின்னுட்டாருன்னு வச்சுக்குங்க. அவர் மனசுல என்ன இருந்திருக்கும்?” அல்லது “உள்ளே நுழைஞ்சதும் அவருக்கு…” என்பதுபோல் நான்கைந்து பாதி வாக்கியங்களை வாசித்து, யோசிக்காமல் முடிக்கச் சொல்லுங்கள். ஆனால் ஊரார் பேச்சைக்கூட அவர் திருப்பிச் சொல்லியிருக்கலாம். எனவே சற்று நேரம் கழித்து, “உங்களுக்கு அப்படி இருந்ததுண்டா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் இல்லைதான். அதற்கு மேல் தோண்ட வேண்டாம்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் வழி படங்கள். கையில் ஒரு பொருள் இருந்தால் கண்கள் அதில் இருக்கும், வாய் தானாகத் திறக்கும். முகம் தெரியாத படங்களாக ஆறு முதல் எட்டு வரை 4ஆர் (4க்கு 6 அங்குலம்) அளவில் அச்சிட்டுக்கொள்ளுங்கள்: நிலையம், கோயில், காப்பிக் கடை, புளோக்கின் கீழ்த்தளம், சந்தை, பலதுறை மருந்தகம். மூன்றை முன்னால் வைத்து, “இதுல ரெண்டு ஒரு மாதிரி, ஒண்ணு வேற மாதிரி. எது, எப்படி?” என்று கேளுங்கள். உளவியலாளர் ஜார்ஜ் கெல்லி 1955இல் விளக்கிய முறை இது. நீங்கள் தூரம், நேரம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவர் “இங்கெல்லாம் யாரும் பேரு எழுதச் சொல்ல மாட்டாங்க” என்று பிரிக்கக்கூடும். அந்தச் சொற்களை அப்படியே பிடித்துக்கொண்டு அடுத்த மூன்றை வையுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: நிலையத்தின் படங்களை மட்டும் கொண்டுபோவார்கள், அல்லது படத்தை அவர்களே விளக்கத் தொடங்கிவிடுவார்கள். இரண்டிலும் ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

மகனோ மருமகளோ பக்கத்தில் இருந்தால், பதில் அவர்களுக்காகச் சொல்லப்படும். முடிந்தால் கீழ்த்தளத்து மேசையில் தனியாகப் பேசுங்கள், நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒலிப்பதிவுக்கு முன்பே அனுமதி கேட்டு, யார் கேட்பார்கள் என்றும் சொல்லிவிடுங்கள். பதிவை நிறுத்திய பிறகு, மின்தூக்கிக்காக நிற்கும்போது முக்கியமான ஒன்றைச் சொல்வார்கள். அதைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அங்கேயே கேளுங்கள். குடும்பச் சண்டை, பணக் கஷ்டம், இறந்த துணை என்று பேச்சு போய் அவர் கலங்கினால் கேள்விகளை மூடிவையுங்கள். அவர் சம்மதித்தால் நிலைய ஊழியரிடம் தெரிவியுங்கள்.

குறிப்பேட்டில் பக்கத்தை நடுவே கோடிட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் அவர் சொன்ன சொற்கள், வலப்பக்கம் உங்கள் ஊகம். மேலாளரிடம் போகும் அறிக்கையில் இடப்பக்கம் முதலில் வரட்டும்.